மூடி இல்லாத குளம்

என் முட்டிவலிக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் நடக்கச் சொன்னார் டாக்டர். அதற்காகவே வீட்டில் நீச்சல்குளம் கட்டினோம். கரண்ட் பில்லைப் பார்த்த என் கணவர், "ஹீட்டரை நிறுத்தீரலாம் அம்மிணி" என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் எங்கள் சாயப்பட்டறைக்குப் போனேன். வெந்நீர்த் தொட்டியைத் திறந்து போட்டிருந்த ஆளை அவர் திட்டிக்கொண்டிருந்தார். "மூடி போடாம உட்டா சூடெல்லாம் ஆவியாப் போயிராதா?"

"நம்மூட்டுக் குளத்துக்கு மூடி எங்கீங்க?" என்றேன், எல்லோர் முன்னிலும்.

"கட்டறப்ப வேண்டாம்னது ஆரு?"

"நாந்தானுங்க. சன்னல்ல இருந்து தண்ணி நீலமாத் தெரியோணும்னு நெனச்சேன். தப்புத்தான். அதுக்கு ஹீட்டரை ஏன் நிறுத்தோணும்?"

அன்றே குளத்தின் மேல் மிதக்கும் விரிப்பு வாங்கினேன். பில் நன்றாகவே குறைந்தது.

குறையாமல் போயிருந்தாலும் நிறுத்த விட்டிருக்க மாட்டேன். நடக்க வேண்டியது என் கால்கள்.