மனைவியின் பிரஷரும் என் பிரஷரும்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். நானும் போனேன். இரண்டு வருடமாக அந்த வீட்டில் மனைவியின் தாயான மாமி சமைத்துப் போடுவதைச் சாப்பிடுவதைத் தவிர எனக்கென்று ஒரு பொறுப்பும் இருக்கவில்லை. மனைவிக்கு ஏழு மாதமானபோதுதான் ஆஸ்பத்திரிக்காரர் ஒன்றைத் தந்தார்கள்.

கர்ப்பிணிகளுக்குத் திடீரென்று பிரஷர் ஏறுவது ஏன் என்று அங்கே ஓர் ஆராய்ச்சி நடந்தது. மனைவி விரும்பிச் சேர்ந்தாள். வீட்டில் அளக்க ஒரு மெஷினும், காலையும் பின்னேரமும் குறிக்க ஒரு தாளும் கிடைத்தன. ஆராய்ச்சி நேர்ஸ் மிஸ் மெஷினை என் கையில் தந்ததும் எனக்கு டொக்டர் நடை வந்துவிட்டது.

எங்கள் குறுகிய ஒழுங்கையில் ஒரு வீட்டுச் சாமான் எல்லா வீட்டுக்கும் சொந்தம். மூன்றாம் நாளே, ராத்தா என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு அக்கா கையை நீட்டிக்கொண்டு வந்தார். பிறகு தினமும் வந்தார். அவருக்கு எப்போதும் நூற்றுப் பத்துக்கு எழுபதுதான். ஒரு நோயும் இல்லையே என்று கவலையோடு திரும்புவார்.

ஒரு நாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மனைவி தலையிடிக்கிறது என்றாள். அளந்தேன். நூற்று ஐம்பத்தெட்டுக்கு நூறு. மெஷின் பழுதாகிவிட்டது என்று அறிவித்தேன். நிரூபிக்க மெஷின் பட்டியை என் கையிலேயே கட்டிப் பார்த்தேன். நூற்று அறுபது! ஊரெல்லாம் கட்டினால் கெட்டுப்போகாதா என்று மாமியும் என் பக்கம் சேர்ந்தார். நான் பற்றரி வாங்கச் செருப்பை மாட்டினேன்.

அதற்குள் ராத்தா வழக்கம்போல வந்துவிட்டார். மனைவி தானே அவர் கையில் பட்டியைக் கட்டினாள். நூற்றுப் பத்துக்கு எழுபது.

"மெஷின் நல்லாத்தான் இரிக்கி," என்றாள். "எனக்கு ஏறியிரிக்கி. ஒங்களுக்குப் பயம். மிஸ்ஸுக்குக் கோல் எடுங்க."

மிஸ் மனைவிக்குக் கண் மங்குகிறதா என்று மட்டும் கேட்டார். மனைவியைக் கேட்டு ஓம் என்றதும், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கொண்டுவரச் சொன்னார். ஓட்டோவில் மனைவிதான் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வார்ட்டில் வலிப்பு வராமலிருக்க ஊசி போட்டார்கள். மிஸ் தாளை வாங்கிப் பார்த்தார். அவசரத்தில் என் நூற்று அறுபதையும் மனைவியின் கட்டத்திலேயே எழுதியிருந்தேன். அதை ஒரு கோட்டால் வெட்டிவிட்டு, புருஷன்மாருக்கு வேறு ஆராய்ச்சிதான் செய்ய வேண்டும் என்றார்.

ஐந்தாம் நாள் பிரஷர் மறுபடி ஏற, ஒப்பரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். மகள். ஒரு கைக்குள் அடங்குகிற அளவு. ஆனால் தானாக மூச்சு விட்டாள். என்னைக் கை கழுவச் செய்து, அவள் காதில் தொழுகை அழைப்பான பாங்கு சொல்ல விட்டார்கள். இரண்டாவது வரியிலேயே அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சி உறிஞ்சிச் சொல்லி முடித்தேன்.

மனைவி கண்ணைத் திறந்ததும் முதலில் மகளைப் பற்றித்தான் கேட்டாள். நல்லமாக இருக்கிறாள் என்றேன்.

"பாங்கு சொன்னீங்களா?"

"ஓம்."

"அழாமச் சொன்னீங்களா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"புள்ள என்ன செஞ்சிச்சி?"

"கொட்டாவி விட்டிச்சி."

சிரித்தால் தையல் நோகும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இப்பவே வாப்பாவ வெளங்கிட்டா," என்றாள்.