கூரையிலிருந்து வந்த குளிர்

நேற்று எங்கள் துபாய் அலுவலகக் கூட்டத்தில் ஒரு படம் போட்டார்கள். முத்துக் குளிக்கும் படகுகள், எண்ணெய்க் கிணறு, பிறகு கோபுரம் கோபுரமாக ஒரு நாடு எழுந்து நின்றது. புது அரங்கு என்பதால் ஏசிக் காற்றோடு தகரமும் பசையும் கலந்த வாடை இறங்கியது.

சின்ன வயதில், இதே துபாயின் அல் குசைஸ் பகுதியில் நாங்கள் இருந்த ஒற்றை அறை வீட்டின் வாடை அது. அம்மாவுக்கு நர்ஸ் வேலை இருந்ததால்தான் விசா கிடைத்து நாங்கள் குடும்பமாக அங்கே இருக்க முடிந்தது. அப்பா ஏசிக் குழாய்க்குத் தகரம் வெட்டுகிறவர். விரலெல்லாம் கீறல், டியூட்டி முடிந்து வந்ததும் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வார். அவர் வேலை பார்த்த கட்டடம் எது திறந்தாலும் முதல் லீவுக்கே என்னைக் கூட்டிப்போவார். எதுவும் வாங்க மாட்டார். கூரையில் ஏசிக் காற்று வரும் இடத்துக்கடியில் நின்று கையைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை புது மாலில் அப்படி நின்றபோது, என் வகுப்புத் தோழி எதிரே வந்துவிட்டாள்.

“அந்த அங்கிள் என்ன பண்றார்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“தெரியல. யாரோ ஒர்க்கர்” என்றேன், நானும் ஆங்கிலத்தில்.

ஒர்க்கர் என்பது அப்பாவுக்குத் தெரிந்த சொல். கையை இறக்கிக்கொண்டார். தோழி போகும்வரை என் பக்கம் வரவேயில்லை. திரும்பும்போது பஸ்ஸில்தான் பேசினார்.

“உனக்கு நல்லா குளிருச்சா மக்ளே?”

நேற்று ஓடிய படத்தில் குளிரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுந்துபோய் அந்தக் காற்றுக்கடியில் கையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.