பேஸ்காரர் மேடையை விட்டு இறங்கிய நாள்

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர் டபுள் பேஸ் வாசிக்க வந்த கதையை அவர் ஒரு விதமாகச் சொல்வார், அவர் மனைவி ஒரு விதமாகச் சொல்வாள். மனைவி சொல்வதுதான் நம்பும்படி இருக்கும்.

ஏதோ ஒரு ஹோட்டலில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. இவர் போய்க் கதவை நெம்பித் திறந்தால், உள்ளே ஒரு மனிதர் தன்னைவிடப் பெரிய வாத்தியம் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி வியர்த்து வழிய நிற்கிறார். டபுள் பேஸ் என்றால் வயலினுக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். நின்றுகொண்டுதான் வாசிக்க முடியும். தந்தியை விரலால் இழுத்தால் சத்தம் காதுக்கு முன்னால் வயிற்றில் கேட்கும். வெளியே வந்த மனிதர், "இதைத் தூக்கிட்டு அலைஞ்சது போதும் தம்பி. வேணும்னா எடுத்துட்டுப் போ, இல்லேன்னா உள்ளயே வெச்சு மூடிடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டார். சும்மா கிடைத்ததை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் லிஃப்ட்காரரின் வம்சத்திலேயே கிடையாது. தோளில் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

அன்றைக்குப் பிடித்தது. பிறகு தானாகத் தட்டித் தடவிக் கற்றுக்கொண்டு, ஒரு ஜாஸ் குழுவில் ஆளாகவும் ஆகிவிட்டார். குழு என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், மொத்தம் நாலே பேர். சாக்ஸபோன் ஊதுகிறவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். லிஃப்ட்காரருடைய மனைவியின் சொந்த அண்ணன் அவர், அதனால் இவருக்கு மச்சான். பியானோ, பல் டாக்டரம்மா. பகலெல்லாம் ஊரார் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, சாயங்காலம் தான் வாயைத் திறக்காமல் வாசித்துவிட்டுப் போகிறவர். டிரம்ஸுக்கு நூலகர். ஆமாம், 'சத்தம் போடாதீர்கள்' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற அதே மனிதர்தான். அதனாலோ என்னவோ, அவர் தனியாக வாசிக்கும் முறை வந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லாமல், ஜனங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் முடித்துவிடுவார்.

பிறந்தநாள், கல்யாண வரவேற்பு, வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவருக்கு விருந்து, புதுக் கடை திறப்பு என்று எங்கே கூப்பிட்டாலும் போவார்கள். வாசிப்பது எல்லாருக்கும் தெரிந்த பழைய ஜாஸ் மெட்டுகள். முதலில் நாலு பேரும் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள். அப்புறம் சாக்ஸபோன் ஒரு சுற்று மனம்போனபடி விளையாடும், அடுத்து பியானோ, அதற்கும் அடுத்து டிரம்ஸ். கடைசியில் எல்லாருமாக மெட்டுக்கே திரும்பி வந்து முடிப்பார்கள். இத்தனைக்கும் அடியில் பேஸ் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும். டிரம்ஸ் தனியாக வாசிக்கும் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான் அதற்கு ஓய்வு.

"லிஃப்ட் மாதிரிதான்" என்பார் இவர். "ஒழுங்கா ஓடற வரைக்கும் ஒருத்தரும் அதைப் பத்திப் பேச மாட்டாங்க. நின்னாத்தான் கத்துவாங்க."

ஒருமுறை நின்றும் பார்த்தாயிற்று. வயிற்றைக் கலக்குகிறது என்று பாட்டின் நடுவில் ஓடினார். திரும்பி வந்தால் மச்சான் மெட்டில் ஓரிடத்தில் இருக்கிறார், டாக்டரம்மா வேறொரு இடத்தில், நூலகர் இரண்டு பேருக்கும் பொதுவாக எங்கோ. மூவரும் ஒருவரையொருவர் பார்த்த பார்வை இருக்கிறதே, அன்றிலிருந்து நிகழ்ச்சி இருக்கும் நாளில் லிஃப்ட்காரர் தண்ணீர்கூட யோசித்துத்தான் குடிப்பார்.

வாசிக்கும்போது பேச முடியாது என்பதால் மச்சான் சில சைகைகளை வைத்திருந்தார். காலையிலிருந்து மாலைவரை காரில் உட்கார்ந்து கையை நீட்டு, மடக்கு என்று சொல்லிக்கொடுக்கிறவருக்குச் சைகைக்கா பஞ்சம். ஒருவரைப் பார்த்து விரலை நீட்டினால் அடுத்த சுற்று அவருடையது. தன் உச்சந்தலையைத் தொட்டால், யார் எங்கே இருந்தாலும் போட்டது போட்டபடி மெட்டின் ஆரம்பத்துக்குத் திரும்பிவிட வேண்டும். தொடாதவரை திரும்பக் கூடாது. நூலகர் இதில் படு கறார். "விதின்னா விதிங்க. இல்லேன்னா எதுக்கு வெச்சிக்கணும்" என்பார், பேசுகிற அன்றைக்கு.

இப்போது மனைவிக்கு வருவோம். அவள் ஒரு சலவைக் கடை நடத்துகிறாள். டபுள் பேஸ் ஊர் சுற்றுவது அவளுடைய சலவை வேனில்தான், மடித்த விரிப்புகளுக்கு நடுவே ராஜா மாதிரி படுத்துக்கொண்டு. வேனை ஓட்டுவதும் அவள்தான். ஆடுவது என்றால் அவளுக்கு உயிர். லிஃப்ட்காரர் அவளை முதலில் பார்த்ததே அப்படித்தான். மேடைக்கு எதிரே யாரோ ஒருவனோடு அவள் ஆடிக்கொண்டிருந்தாள், இவர் பேஸுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆகியும் அந்த நிலைமையில் ஒரு மாற்றமும் இல்லை. அவள் ஆடுவாள், இவர் பார்ப்பார். பாட்டு முடிந்ததும் அவள் ஓரமாகப் போய், வாத்தியங்களின் உறைகளைக் குவித்து வைத்திருக்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

வெள்ளி விழா வருகிறது என்று பேச்சு வந்தபோது, கடையில் இருவரும் ஒரு பெரிய விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்த ஊர்ல என்னோட ஆடாத ஆளே இல்லைங்க" என்றாள் அவள். "போஸ்ட் ஆபீஸ்காரர் ஆடியிருக்கார். டாக்டரம்மா வீட்டுக்காரர் ஆடியிருக்கார். யாரோட மாமனார்னே தெரியாத ஒருத்தர்கூட ஆடியிருக்கார். நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

"அதுக்கென்ன, வீட்டுல ரேடியோவைப் போட்டு ஆடிட்டாப் போச்சு."

"ரேடியோவுக்கு ஆடணும்னா நான் ரேடியோக்காரனைக் கட்டியிருப்பேன். எனக்கு உங்க பேண்டு வாசிக்கணும். எல்லாரும் இருக்கற கூடத்துல, ஒரே ஒரு தடவை."

கோபமாகச் சொல்லியிருந்தால் இவரும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பார். அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு விரிப்பின் முனையைக் கொண்டுவந்து இவர் கையில் சேர்த்தாள். அதுதான் இவருக்குச் சுருக்கென்றது. பாவம், எத்தனை வருஷமாக இதை மனதில் வைத்திருந்தாளோ. "சரி, ஆடறேன். சத்தியமா" என்று சொல்லிவிட்டார்.

சொல்லிவிட்டாரே தவிர, அன்று முழுக்க லிஃப்ட் கூண்டின் கூரையில் உட்கார்ந்து கம்பிவடத்துக்கு எண்ணெய் போட்டபடி இதே யோசனைதான். பேஸை விட்டு இறங்கினால் குழு சிதறிவிடும். அதை வாசிக்கத் தெரிந்த ஆள் ஊரில் வேறு யாரும் இல்லை. ஒரே ஒரு வழிதான் இருந்தது. டிரம்ஸ் சுற்றில் இறங்கி ஆடிவிட்டு, மெட்டு திரும்புவதற்குள் மேடை ஏறிவிடுவது. ஆனால் நூலகருடைய சுற்றில் மேடையிலிருந்து கீழே இறங்கத்தான் நேரம் இருக்கும்.

நூலகத்துக்கே போய்க் கிசுகிசுத்தார். "அன்னிக்குக் கொஞ்சம் நீட்டி வாசிப்பீங்களா?"

நூலகர் முகம் வெளுத்தது. "எதுவரைக்கும்?"

"மச்சான் தலையைத் தொடற வரைக்கும்."

விதி என்று ஒன்று கிடைத்ததும் நூலகருக்கு உயிர் வந்தது. "அப்படின்னா சரி." மச்சானிடமும் போய்ச் சொன்னார். அவரோ முழுதாகக் கேட்கவே இல்லை. "எந்தங்கச்சி ஆடணும், அவ்வளவுதானே மாப்பிள்ளை. நான் பாத்துக்கறேன், போ." இதைச் சொன்னவர், தான் பண்ணி வைத்திருந்த இன்னொரு ஏற்பாட்டைப் பற்றி மூச்சு விடவில்லை.

விழா, நீச்சல்குளத்துக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில். ஜன்னலைத் திறந்தால் குளோரின் வாசம். நாற்காலிகளை ஓரமாக அடுக்கித் தரையை மெழுகு போட்டுத் தேய்த்து வைத்திருந்தார்கள். சொந்த விசேஷத்துக்குச் சொந்த பேண்டு, இதைவிடச் சௌகரியம் உண்டா. மனைவி நீலப் பட்டில் வந்து நின்றாள். லிஃப்ட்காரர் கோட்டுப் போட்டு, விரல் இடுக்கில் எப்போதும் இருக்கும் கிரீஸ் கறையைக்கூடத் தேய்த்து எடுத்திருந்தார். அப்போது மச்சான் உள்ளே வந்தார்.

மச்சானுக்குத் தலையில் முடி கொட்டி வெகுகாலம் ஆகிறது. அன்றைக்கு அவர் தலையில் கன்னங்கரேலென்று, வகிடு எடுத்து வாரிய அடர்த்தியான முடி. டாக்டரம்மா பியானோவுக்குள் தலையை விட்டு எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். "போட்டோ எடுப்பாங்கல்ல" என்றார் மச்சான், யாரும் கேட்காமலே. லிஃப்ட்காரர் சிரிப்பை அடக்க நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பாட்டுகள் போய்க்கொண்டிருந்தன, ஜனங்களும் ஆடினார்கள். சொல்லி வைத்த பாட்டு வந்ததும் மனைவி செருப்பைக் கழற்றி உறைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மேடைக்கு எதிரே வந்து நின்றாள். மெட்டு முடிந்தது. மச்சான் தன் சுற்றை ஊதி முடித்து, டாக்டரம்மாவைப் பார்த்து விரலை நீட்டினார். அடுத்தது டிரம்ஸ்.

ஊதி ஊதி மச்சானுக்கு வியர்த்திருந்தது. வியர்த்ததும் விக் நகர்ந்தது. பியானோ சுற்றில் அவர் கை சும்மாதானே இருக்கிறது. மெல்ல மேலே போய் உச்சியில் அழுத்தி விக்கைச் சரிசெய்தது. நூலகர் அதைப் பார்த்தார், சட்டென்று மெட்டுக்குத் திரும்பினார். டாக்டரம்மா பாதியில் விட்டுவிட்டு அவரோடு ஓடினார். பேஸும் ஓடித்தான் ஆக வேண்டும். மச்சானுக்கு எதற்கு என்றே புரியவில்லை. புரியாவிட்டாலும் வாத்தியத்தை எடுத்து ஊதினார்.

மறுபடி மெட்டு, மறுபடி சாக்ஸபோன், மறுபடி பியானோ. மறுபடி கை உச்சந்தலைக்குப் போனது.

ஜனங்களுக்குக் கொண்டாட்டம்தான். பாட்டு முடியவே மாட்டேன் என்கிறது, இன்னும் நாலு பேர் ஆட வந்தார்கள். லிஃப்ட்காரருக்கு மட்டும் விஷயம் விளங்கிவிட்டது. விளங்கி என்ன செய்வது, இரண்டு கையும் தந்தியில். புருவத்தை உயர்த்தி உயர்த்தி மச்சானுக்கு ஜாடை காட்டினார். மச்சான், மாப்பிள்ளை நன்றாக ரசிக்கிறார் என்று நினைத்துச் சிரித்தார். தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால் அதையும் நூலகர் சைகையாக எடுத்துக்கொள்வார். கீழே மனைவி முதல் தடவை சிரித்தாள், அடுத்த தடவை இடுப்பில் கை வைத்தாள். அதற்கும் அடுத்த தடவை செருப்பு இருந்த பக்கமாகத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை இவரால் தாங்க முடியவில்லை. போச்சு, போய் உட்காரப் போகிறாள், இந்த வருஷமும் இல்லை என்று ஆகிவிட்டது.

அவள் உட்காரவில்லை. வெறுங்காலோடு விறுவிறுவென்று மேடை ஏறினாள். அண்ணனுடைய கை மறுபடி மேலே போவதற்குள் அவள் கை போய்விட்டது. "அண்ணா, இது எங்கிட்ட இருக்கட்டும்" என்று விக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு இறங்கிவந்து, பேஸ் உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

கூடமே கொல்லென்று சிரித்தது. மச்சான் சிவந்துபோய் நின்றார். தங்கச்சியைப் பார்த்தார், நூலகரைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு எல்லாம் உறைத்தது. வயிறு குலுங்க அவரே சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே நூலகரை நோக்கி விரலை நீட்டினார்.

டிரம்ஸ் சுற்று வந்துவிட்டது. லிஃப்ட்காரர் பேஸை மெல்லப் பக்கவாட்டில் படுக்க வைத்துவிட்டு இறங்கினார். மனைவி கையை நீட்டினாள், இவர் பிடித்தார். பிடித்த பிறகு கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊருக்கெல்லாம் தாளம் தப்பாமல் கொடுத்த மனிதர், அவள் காலை மிதித்தார். மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்கக் குனிந்து அவள் நெற்றியில் முட்டினார்.

"காலைப் பாக்காதீங்க" என்றாள் அவள்.

நூலகர் வழக்கம்போல் சீக்கிரமே தன் கையிருப்பை வாசித்து முடித்துவிட்டு, சைகைக்காக மச்சானை நிமிர்ந்து பார்த்தார். மச்சான் வழுக்கை பளபளக்க, இரண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தபடி நின்றார். விதி விதிதான். நூலகர் தொடர்ந்து வாசித்தார். மறுபடி பார்த்தார். கை வெளியே வருகிற வழியாக இல்லை. வேறு வழியில்லாமல் பலமாக அடித்தார். அந்தச் சத்தம் அவருக்கே பிடித்துப்போயிருக்க வேண்டும், இன்னும் பலமாக அடித்தார். இத்தனை வருஷமாக நூலகத்தில் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அன்றைக்கு வெளியே வந்தது.

லிஃப்ட்காரருக்கு இப்போது கால் கொஞ்சம் பழகியிருந்தது. ஆனாலும் பழக்கதோஷம், கண் மேடைப் பக்கமே போனது.

"எங்க பாக்கறீங்க?"

"மச்சான் கையை. அது மேல போனா நான் ஏறணும்ல."

மனைவி திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அவர் பாக்கெட்டுக்குள் கையை இன்னும் ஆழமாக விட்டுக்கொண்டார்.

"அது இப்போதைக்கு வராது" என்றாள் அவள். "நீங்க என்னைப் பாருங்க."

அவர் பார்த்தார். இவ்வளவு பக்கத்தில், பேஸ் நடுவில் இல்லாமல், அவள் ஆடி அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.