தகரக் கொட்டகைக்கு முன்னால் நின்றவர்கள்

டாங்!

எப்போதும் அந்தச் சத்தம்தான் முதலில் வரும். கண்ணைத் திறக்காமலே தெரிந்துவிடும், மணி மத்தியானம் இரண்டரை, பந்து மறுபடியும் விக்கெட் கீப்பரைத் தாண்டிப் போய்த் தகரத்தில் மோதிவிட்டது என்று. ராத்திரி வேலை என்றால் ராத்திரி முழித்திருக்கிற வேலை என்று ஊரில் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, அது பகலில் தூங்கப் பாடுபடுகிற வேலை. ஆஸ்பத்திரியிலும் மில்லிலும் ரோந்திலும் ராத்திரியைக் கழித்துவிட்டு, ஊர் முழித்திருக்கும்போது கண்ணை மூடப் பார்க்கிற அன்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

யுத்த காலம். அரியலூருக்கு அடுத்தாற்போல ஒரு சின்ன ஸ்டேஷனில் நான் ராத்திரி பாயிண்ட்ஸ்மேன். லீவர் இழுத்து ரயிலைத் தண்டவாளம் மாற்றி விடுவது, சிக்னல் விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றித் திரி வெட்டுவது, நிற்காமல் போகிற ரயிலின் டிரைவரிடம், ஒற்றைத் தண்டவாளத்தில் வர அவருக்கு அனுமதியாகக் கொடுத்த டோக்கனை வாங்குவது என் வேலை. பகல் ஆட்கள் ஒரு கிரிக்கெட் டீம் வைத்திருந்தார்கள். இரண்டு மணி கூட்ஸ் போய்விட்டால் நாலு மணி வரை அவர்களுக்கு வேலை கிடையாது, அந்த நேரத்தில் பழகுவார்கள். ஒரு பக்கம் தண்டவாளம் இருந்ததால் ஸ்டம்பை கூட்ஸ் கொட்டகையின் தகரச் சுவருக்கு முன்னால்தான் நட முடியும். அந்தத் தகரத்துக்கும், நான் குடியிருந்த ரயில்வே வீட்டில் என் தலைமாட்டுக்கும் நடுவில் ஒரு சின்னச் சந்து மட்டும்.

நான் லீவர் மேல் தலை வைத்துத் தூங்கியதை ஸ்டேஷன் மாஸ்டர் இரண்டு தடவை பார்த்துவிட்டார். “மூணாவது தடவை பார்த்தேன், மேல எழுதிடுவேன். அப்புறம் உன் வேலைக்கு நான் பொறுப்பில்ல” என்று சொல்லியிருந்தார். ஆகவே அந்த டீமுக்கு ஒரு நல்ல விக்கெட் கீப்பர் கிடைக்க வேண்டும் என்று அதன் கேப்டனைவிட அதிகமாக ஏங்கியவன், கிரிக்கெட் தெரியாத நான்தான்.

நேரத்தை மாற்றக் கேட்டது

கேப்டன் பெயர் சம்பந்தம். கூட்ஸ் கிளார்க், நல்ல மனுஷன், என்னைவிடப் பத்து வயது சின்னவர். முதலில் அவரிடம்தான் போனேன். “சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ஆடக்கூடாதா சார்? நான் எட்டு மணிக்குத்தான் டியூட்டிக்குப் போறேன், நாலரை வரைக்கும் தூங்கிடுவேன்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, நிஜமாகவே யோசித்தார். ஐந்து மணி பாசஞ்சரில் பாதிப் பேர் அரியலூருக்கு வீடு திரும்புகிறவர்கள். அதை விட்டால் ஏழு மணிக்குத்தான் அடுத்த வண்டி. கடைசியில் என் தோளைத் தொட்டு வருத்தத்தோடு சொன்னார்: “ஒரு ஆளு தூங்கறதுக்காகப் பதினோரு பேரு ஆட்டத்தை மாத்த முடியுமாண்ணே? நீங்களே சொல்லுங்க.”

மூட்டை தூக்குகிற உடம்பு

முதல் கீப்பர் போர்ட்டர் கோவிந்தன். இரண்டு ஆள் தூக்குகிற மூட்டையை ஒண்டியாகத் தூக்குவான். வருகிற சுமைக்கு உடம்பைக் கொடுத்தே பழகியவன் ஆகையால், பந்து வந்தால் கையை நீட்டமாட்டான், முதுகைத் திருப்பிக் கொடுப்பான். பௌலிங் போடுகிறவன் கேங்மேன் மாணிக்கம், தண்டவாளத்தில் சம்மட்டி அடிக்கிற கை. எங்கள் பக்கத்துத் தரையோ சுண்ணாம்புக் கல். கல்லாகிப் போன பழைய சிப்பியும் சங்கும் அங்கங்கே துருத்திக்கொண்டிருக்கும். பந்து ஒரு சிப்பியில் பட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது.

நாலு நாள் பார்த்தேன். கோவிந்தன் முதுகில் பட்டது பாதி, தகரத்தில் பட்டது பாதி. தகரத்தில் பட்டபோது நான் எழுந்தேன், முதுகில் பட்டபோது அவன் போட்ட கூச்சலில் எழுந்தேன். ஐந்தாம் நாள் முதுகைக் காட்டிச் சொன்னான்: “மூட்டைன்னா எறக்கி வச்சிடலாம்ணே, இத எங்க எறக்கி வக்கிறது?”

ஜன்னலுக்கு வராத பந்து

அடுத்தவர் புக்கிங் கிளார்க் ஏகாம்பரம். பதினைந்து வருஷமாக ஜன்னல் ஓட்டை வழியாகவே உலகத்தைப் பார்த்தவர். ஜனங்கள் கையை நீட்டுவார்கள், இவர் உள்ளே உட்கார்ந்தபடி வாங்குவார். ஸ்டம்புக்குப் பின்னாலும் அப்படியேதான் நின்றார். இரண்டு உள்ளங்கையையும் மார்புக்கு நேராக ஒரு ஜன்னல் மாதிரி வைத்துக்கொள்வார். அதற்குள் நேராக வருகிற பந்தைப் பத்திரமாக வாங்கிக்கொள்வார். ஒரு விரற்கடை விலகி வந்தாலும் போகட்டும் என்று மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

டாங். டாங். டாங். மாணிக்கம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். நான் வேட்டியை இறுக்கிக்கொண்டு சந்துக்குள் வந்து எட்டிப் பார்த்தேன். ஏகாம்பரம் என்னைப் பார்த்து, தப்பு தன்னுடையது இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தவர் குரலில் சொன்னார்: “நம்ம ஜன்னலுக்கே வராத பந்துக்கு நான் எப்படிங்க பொறுப்பு?”

வேகனுக்குக் காத்திருந்தவர்

லப்பைக்குடிக்காட்டுக் காதர் பாய் தோல் மூட்டைகள் அனுப்ப எங்கள் ஸ்டேஷனுக்கு வந்தார். வேகன்கள் எல்லாம் பட்டாளத்துக்கே போய்க்கொண்டிருந்த சமயம். “வரும்போது வரும்” என்று மாஸ்டர் சொல்லிவிட, பாய் மூட்டைகளோடு கொட்டகையிலேயே தங்கிவிட்டார். ரங்கூனில் கடை வைத்திருந்தவர். குண்டு விழுந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். அங்கே இருந்தபோது கிரிக்கெட் ஆடியிருக்கிறார் என்பது பேச்சுவாக்கில் தெரிந்ததும் சம்பந்தம் கையுறைகளை அவர் மடியில் வைத்துவிட்டார். மணிக்கணக்காகக் குனிந்து நிற்கிறாரே, இடுப்பு வலிக்காதா என்று கேட்டேன். “பர்மாவுலேர்ந்து நடந்து வந்தவனுக்கு இதெல்லாம் ஒரு வலியாண்ணே?” என்றார்.

பதிமூன்று பகல் தகரம் வாயைத் திறக்கவில்லை. என் சம்சாரம் போன பிறகு நான் அப்படித் தூங்கியதே இல்லை. பதினாலாம் ராத்திரி ஒரு கூட்ஸிலிருந்து காலி வேகன் ஒன்றைக் கழற்றினார்கள். பாய்க்கு வந்த வேகன். நானே லீவர் இழுத்து அதைக் கொட்டகையை ஒட்டிய சைடிங் லைனில் விட்டேன். ரெண்டு நாள் கழித்துச் சொன்னால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. பொழுது விடிந்ததும் முதல் காரியமாகப் போய், “பாய், உங்க வேகன் வந்துடுச்சு” என்றேன். மூட்டையெல்லாம் ஏற்றி முடித்தபின் கையுறைகளைத் துடைத்து என்னிடம் கொடுத்தார். சொல்லாமலே என் கஷ்டம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. “உங்க தூக்கத்தையும் சேத்து ஏத்திக்கிட்டுப் போறேன், மன்னிச்சுக்கங்கண்ணே.”

பெரம்பலூர் பஸ்

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூர் டீமோடு ஆட்டம். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. பெட்ரோல் கிடைக்காத காலம், கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் வந்தார்கள். மேட்டில் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்ட பஸ்ஸைப் பதினோரு பேரும் இறங்கித் தள்ளியதில் எல்லார் முகத்திலும் கரி. நம் ஆட்கள் முதலில் ஆடி ஏதோ ரன் எடுத்தார்கள். அப்புறம் அவர்கள் ஆட வந்தார்கள். ஸ்டம்புக்குப் பின்னால் வேறு வழியில்லாமல் மறுபடியும் கோவிந்தன்.

அன்று ராத்திரி பட்டாளத்து ஸ்பெஷல் ஒன்று எங்கள் ஸ்டேஷனில் நிற்காமல் போக வேண்டியிருந்தது. தூங்காமல் போனால் நான் தொலைந்தேன். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு படுத்துப் பார்த்தேன். ஏழாவது டாங்குக்கு எழுந்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே போய்க் கோவிந்தனை நகர்த்திவிட்டு நின்றேன். “ஆட்டம் எனக்குத் தெரியாது. பந்து இந்தத் தகரத்துல படக்கூடாது, அவ்வளவுதான்” என்றேன். கோவிந்தன் கையுறைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, நான் மனசு மாறுவதற்குள் ஓடிவிட்டான். பெரம்பலூர்க்காரர்களும் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்கள். அப்போது அவர்களுக்குக் கடைசி இரண்டு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஜெயிக்க எட்டு ரன் பாக்கி.

முதல் பந்து வந்தது. என்னை அறியாமல் இடது கையை மடக்கி நீட்டிவிட்டேன். அப்படித்தான் இருபது வருஷமாக டோக்கன் வாங்கியிருக்கிறேன். டிரைவர் ஒரு பெரிய பிரம்பு வளையத்தை நீட்டிக்கொண்டு வருவார், அதில் தொங்குகிற பையில் டோக்கன் இருக்கும், வளையத்தை மடக்கிய கையில் மாட்டி வாங்க வேண்டும். பந்தில் மாட்ட வளையம் ஏது? முழங்கையில் வந்து விழுந்தது. மாணிக்கம் அங்கிருந்தே கத்தினான்: “அண்ணே, இது மெயில் இல்லண்ணே, பந்து!”

வலியில்தான் புத்தி வந்தது. வளையம் வாங்கும்போது கையை விறைப்பாக வைத்தால் எலும்பு முறியும். அது போகிற திக்கிலேயே நாமும் இரண்டடி ஓடி, அதன் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அடக்க வேண்டும். அடுத்த பந்துக்கு இரண்டு கையையும் நீட்டி, பந்து தொட்டதும் அதோடு சேர்ந்து பின்னால் நடந்தேன். பந்து கைக்குள் உட்கார்ந்தது. பின்னால் சத்தமே இல்லை. அதற்கடுத்த பந்தும் அப்படியே. நாலாவது பந்து ஒரு சிப்பியில் பட்டுத் திரும்பி, மட்டையின் ஓரத்தை உரசியது. இருட்டில் வருகிற எஞ்சினைக் காதால் அளந்து பழகியவனுக்கு அந்த ‘டிக்’ போதும். வலது பக்கம் போனேன், பந்தோடு பின்வாங்கினேன், தகரத்தில் என் முதுகு மெதுவாகச் சாய்ந்தது. பந்து கையில் இருந்தது. ஆட்டம் முடிந்தது. அவுட்டான ஆள் பெரம்பலூரில் டிரில் மாஸ்டர், கரி முகத்தோடு என்னையே உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “யாருய்யா இவரு? கண்ணு பாதி தூங்குது, கை முழிச்சிருக்கு!”

மூன்றாவது தடவை

ஜெயித்த சந்தோஷத்தில் எல்லாரும் போய்விட்டார்கள். எனக்குப் பயம் வந்தது. துளிக்கூடத் தூங்காமல் டியூட்டிக்குப் போகிறேன். எட்டு மணிக்கு விளக்கோடு போனால் லீவர் பக்கத்தில் மாணிக்கம் உட்கார்ந்திருக்கிறான், கூஜா நிறையக் காப்பியோடு. ஏழு மணி வண்டியை வேண்டுமென்றே விட்டிருக்கிறான். ஸ்பெஷல் போகிற வரை பேச்சை நிறுத்தவில்லை. தன் மாமனார் வீட்டுச் சண்டைகள் மொத்தத்தையும் கேட்டு முடித்தேன். நான் தலை சாய்த்தபோதெல்லாம், “இன்னொண்ணு கேளுங்கண்ணே” என்று உலுக்குவான். அந்தக் காப்பிக்கும் அந்தச் சண்டைகளுக்கும் இன்றுவரை நான் கடன்பட்டவன்.

ஸ்பெஷலின் வளையத்தை வாங்கிக்கொண்டு திரும்பினால் மாஸ்டர் நிற்கிறார். என்னையும் மாணிக்கத்தையும் கூஜாவையும் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். “உம்மேல எழுதறதுக்குன்னு வச்சிருந்தேன். டீம் லிஸ்ட் எழுதச் சொல்லி சம்பந்தத்துக்கிட்ட குடு, உம் பேரை மொதல்ல போடச் சொல்லு.”

நேரத்தை மாற்றியது

மறுநாள் சம்பந்தம் கையுறைகளோடு என் வாசலில். “நீங்கதாண்ணே இனிமே கீப்பர். மாட்டேன்னு சொல்லாதீங்க.”

“மத்தியானத்துல வர முடியாதுங்க சார், தூங்கணும்” என்றேன்.

“அஞ்சு மணிக்கு மேல வச்சுக்குவோம். எல்லாரும் ஏழு மணி வண்டிக்குப் போகட்டும்” என்றார், மூச்சுக்கூட விடாமல்.

“ஒரு ஆளு தூங்கறதுக்காக மாத்த முடியாதுன்னீங்களே?”

சம்பந்தம் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “அது தூங்கற ஆளுக்குண்ணே. இது கீப்பருக்காச்சே!”

அதிலிருந்து இரண்டரை மணிக்குத் தகரம் சும்மா இருந்தது. முதல் ஒரு வாரம் சத்தம் ஏன் வரவில்லை என்று முழித்துக் கிடந்தேன், அப்புறம் பழகிவிட்டது. காதர் பாயிடமிருந்து ஒரு கார்டு வந்தது, டீம் எப்படி இருக்கிறது என்று கேட்டு. வேகன் சீட்டைப் பார்த்தே எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவன் நான். மெதுவாகப் பதில் எழுதிப் போட்டேன்.

தூக்கத்தைக் கெடுத்த சத்தத்தை ஒழிக்க ஒரு ஆள் வரமாட்டானா என்று ஏங்கிவிட்டுக் கடைசியில் அந்த ஆளாக நானே ஆகிப்போனேன் என்று எண்ணியபடி, வீங்கிய விரலோடு சிக்னல் விளக்கின் கண்ணாடியைக் கழற்றி, ஊதித் துடைத்து, திரியை வெட்ட ஆரம்பித்தேன்.