டர்ஃப் கேட்டு வாங்கிய கதை

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் அண்ணன் மதுரையிலிருந்து வந்திருந்தார். ஓசூருக்கு வரும் விருந்தாளிக்கு என்னத்தைக் காட்டுவது? மலைக்கோயிலைப் போன தடவையே பார்த்துவிட்டார். மிச்சமிருப்பது ஃபேக்டரி காம்பவுண்டு சுவர்கள்தான். அப்போதுதான் மனிதர் கிரிக்கெட் பைத்தியம் என்பது ஞாபகம் வந்தது.

"எங்க ஊர்லயும் இன்டர்நேஷனல் கிரவுண்டு இருக்கு. வாங்க, காட்டறேன்" என்று பெருமையாக ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன்.

கேட் பூட்டியிருந்தது. செக்யூரிட்டி இந்தியில் என்னவோ சொன்னார். 'முடியாது' என்பது மட்டும் எந்த பாஷையில் சொன்னாலும் புரிந்துவிடுகிறது, இல்லையா?

கம்பி வழியாகத்தான் பார்த்தோம். விரித்துப் போட்ட பச்சை. ஓரமாக ஒரு ஸ்பிரிங்க்ளர் சுற்றிச் சுற்றித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, இதமான வெயில்... உள்ளே ஒரு ஈ, காக்கை கிடையாது.

"அருமையா இருக்கு மாப்ளே" என்றார். "ஆமா, இங்க யாரு ஆடுவா?"

டிபனுக்கு நேரமாகிவிட்டது என்று பேச்சை மாற்றி அழைத்து வந்துவிட்டேன். அவருக்குச் சொல்லாத பதிலை உங்களுக்குச் சொல்கிறேன்.

இந்தப் பத்தியை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு நான் ஒரு ஃபேக்டரியில் பர்ச்சேஸ் பிரிவில் குப்பை கொட்டுவது தெரியும். இந்த நூற்றாண்டு பிறந்த சமயம், அந்த இடம் எங்கள் கம்பெனியுடையது. கிரவுண்டு என்றால் வேறொன்றுமில்லை... செம்மண் பொட்டல். நடுவே தேங்காய் நார் மேட் ஒன்றை விரித்து, சுற்றிலும் ஆணி அடித்து இறுக்கினால் பிட்ச் ரெடி. வேலி கிடையாது. சுண்ணாம்புக் கோடுதான் பவுண்டரி.

ஞாயிறு வந்தால் போதும். ஏ ஷிஃப்டு டீம், பி ஷிஃப்டு டீம், பக்கத்துக் கம்பெனி டீம், சுற்றுப்பட்டுக் கிராமத்து டீம் என்று திருவிழாவாக இருக்கும். தமிழில் அவுட் கேட்பார்கள், கன்னடத்தில் மறுப்பார்கள், தெலுங்கில் சண்டை போடுவார்கள். தீர்ப்பு சொல்வது அம்பயர். அதாவது நான். ஆடத் தெரியாதவனுக்கு வேறு என்ன வேலை கொடுப்பார்கள்?

இந்தக் கூட்டத்துக்கெல்லாம் தலைவர் பெர்னார்டு. தூத்துக்குடிக்காரர், எங்கள் மெஷின் ஷாப் ஆபரேட்டர், டீமின் கேப்டன், விக்கெட் கீப்பர் எல்லாம் அவரே. சர்ச்சில் முதல் பூசை முடிந்ததும் நேராக கிரவுண்டுக்கு வந்துவிடுவார். வெள்ளைச் சட்டையோடு மேட்டை விரித்து ஆணி அடிப்பார். அவர் மனைவி ஸ்டெல்லா அந்தச் செம்மண் கறையைப் பற்றி என்னிடமே பலமுறை புகார் சொல்லியிருக்கிறார்.

அவர் டீமின் நட்சத்திரம் நாகராஜ். ராயக்கோட்டைப் பக்கத்தில் தக்காளி விவசாயம். வீட்டில் தெலுங்கு, மார்க்கெட்டில் கன்னடம், எங்களோடு தமிழ். அவன் எங்கள் ஃபேக்டரி ஆளே இல்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை. சானமாவு காட்டிலிருந்து யானை இறங்கும் சீசனில், ராத்திரியெல்லாம் ராகிக் கொல்லைக்குக் காவல் இருந்துவிட்டு, சிவந்த கண்ணோடு வந்து பந்து போடுவான். அந்த மேட்டில் குத்தி அவன் பந்து மூக்குக்கு நேராக எழும்பும். எங்கள் அதிகாரி ஒருவருக்கு, எதிர் டீமில் நாகராஜ் என்று தெரிந்தால், அன்றைக்கென்று வீட்டில் ஏதாவது விசேஷம் வந்துவிடும்!

இவன் இங்கே இருக்க வேண்டியவன் இல்லை என்று பெர்னார்டுக்குத் தோன்றியது. சென்னையில் நடந்த செலக்‌ஷனுக்கு அழைத்துப் போனார். நானும் ஒட்டிக்கொண்டேன்.

அங்கே மேட் இல்லை. டர்ஃப். புல்லும் களிமண்ணுமாக உருட்டி வைத்த நிஜமான பிட்ச். நாகராஜ் காலில் ரப்பர் அடி போட்ட கேன்வாஸ் ஷூ. எங்கள் மேட்டுக்கு அதுதான் சரி. டர்ஃபில் ஓடி வந்து காலை ஊன்ற, அடியில் ஆணி வைத்த ஷூ வேண்டும். அது இருந்தால்தானே!

முதல் பந்து... ஓடி வந்தான், காலை வைத்தான், சறுக்கி விழுந்தான். யாரோ சிரித்தார்கள். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, அடுத்த பந்தை பயந்து பயந்து போட்டான். எங்கள் ஊரில் மூக்குக்கு வரும் பந்து, அங்கே இடுப்புக்கு மரியாதையாக வந்து நின்றது. அடித்தார்கள். இன்னும் இரண்டு போட்டான். அதையும் அடித்தார்கள்.

"நெக்ஸ்ட்" என்றது ஒரு குரல். அவ்வளவுதான்.

திரும்பும்போது பஸ்ஸில் பெர்னார்டும் நானும் ஒரே சீட்டில். கிருஷ்ணகிரி தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"இவன் தோக்கல சார். நம்ம கிரவுண்டுதான் தோத்துட்டு. நம்ம ஊருக்கு ஒரு டர்ஃப் கொண்டாராம விட மாட்டேன், பாத்துக்கிடுங்க."

முன் சீட்டிலிருந்து நாகராஜ் தலையைத் திருப்பினான். "வுடுணா. தக்காளி வெல ஏறுதாம், அதப் பாக்கலாம்."

பெர்னார்டு விடவில்லை. மேனேஜ்மென்ட், யூனியன், மாவட்டத்தில் கிரிக்கெட்டை நடத்தும் சங்கம்... எங்கே போனாலும் இதே பேச்சுதான். நைட் ஷிஃப்டு முடித்துத் தூங்காமல் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். துணைக்கு சில நாள் நானும் போவேன். "டர்ஃப் வந்தா நம்ம பசங்க எங்கயும் போயி விழ மாட்டாங்க சார்" என்று ஒவ்வொரு மேஜைக்கு முன்னாலும் சொல்வார். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள்.

அப்புறம் ஒருநாள், சங்கத்தில் பெரிய ஆள் ஒருவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. பெங்களூரு எவ்வளவு பக்கம்! ஏர்போர்ட் பக்கம், பெரிய ஹோட்டல் பக்கம். சின்னதாக ஒரு டர்ஃப் போடுவானேன்? இன்டர்நேஷனல் ஸ்டாண்டர்டிலேயே ஒரு கிரவுண்டு கட்டிவிட்டால்?

கம்பெனி இடத்தைச் சங்கத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. எங்கள் கேன்டீனில் அன்றைக்கு லட்டு. பெர்னார்டைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். கேட்டது ஒரு பிட்ச், கிடைத்தது ஸ்டேடியம் — யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது?

புல் நட்ட நாளை மறக்கவே முடியாது. கான்ட்ராக்டருக்கு ஆள் போதவில்லை என்று பெர்னார்டு காதில் விழுந்தது. அடுத்த ஞாயிறு எல்லா டீமும் ஆஜர். மட்டை இல்லை, பந்து இல்லை. குடும்பம் குடும்பமாக வந்து, நாற்று நடுவதுபோல் வரிசையாகக் குந்தி, கையால் புல் நட்டோம். நாகராஜ் வேன் நிறைய ஊர்க்காரர்களை அள்ளி வந்தான். ஸ்டெல்லா முழங்கை வரை சேறோடு, "இனிமே வெள்ளச் சட்டைல கறைபட்டா பச்சைக் கறை. சோப்புக்குப் போவுமான்னு தெரியலியே!" என்று சிரித்தார்.

"புல்லு பிடிக்கிற வரைக்கும் யாரும் உள்ள வராதீங்க" என்றார்கள். நியாயம்தானே? வெளியே வந்தோம்.

புல் பிடிக்கட்டும் என்று வேலி போட்டார்கள். அப்புறம் பெவிலியன் முடியட்டும் என்றார்கள். அப்புறம் கேலரி. அப்புறம் வெளியூரிலிருந்து எக்ஸ்பர்ட் வந்து பார்க்கட்டும் என்றார்கள். மழையும் வெயிலுமாக வருஷங்கள் ஓடின. எங்கள் டீம்கள் காலி மனைகளில் கொஞ்சநாள் ஆடின. அந்த மனைகளில் வீடு எழும்பியது. சிலருக்கு டிரான்ஸ்ஃபர், சிலருக்கு முதுகுவலி, சிலருக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம். யாரும் கலைக்காமலேயே எல்லாம் கலைந்தது.

நாகராஜ் மார்க்கெட்டுக்கு வரும்போதெல்லாம், "எப்பணா தொறப்பாங்க?" என்று பெர்னார்டைக் கேட்பான். கல்யாணம் ஆயிற்று, குழந்தைகள் ஆயிற்று. ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிட்டான்.

ஒருவழியாகத் திறப்பு விழா அறிவித்தார்கள். வெளிநாட்டிலிருந்து இளைஞர் அணி ஒன்று வருகிறது, நம் ஊரில் ஒரு மேட்ச்! அவர்கள் வந்து இறங்கியாயிற்று. மேட்சுக்கு முந்தின நாள் கர்நாடகாவில் பந்த். அத்திப்பள்ளியில் எல்லை மூடிக் கிடக்கிறது. வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்க, வலைக்குள் பந்து போட பெங்களூரிலிருந்து வரவேண்டிய பையன்கள் யாரும் வர முடியவில்லை.

சங்கத்து ஆளுக்கு அப்போதுதான் பெர்னார்டு ஞாபகம் வந்தார். "உங்க டீம்ல யாராவது போடுவாங்களா?"

பெர்னார்டு நாகராஜுக்கு போன் அடித்தார். பந்த் காரணமாக பெங்களூருக்கு லோடு போகவில்லை. ராயக்கோட்டையில் தக்காளி அப்படியே நிற்கிறது. அதனால் அவன் ஃப்ரீ. இல்லாவிட்டால் வந்திருக்கவே மாட்டான்.

சேதி கேட்டு நானும் ஓடினேன். அன்றைக்கு கேட்டில் யாரும் தடுக்கவில்லை.

லேசாகத் தொப்பை விழுந்திருந்தது நாகராஜுக்கு. முடி முன்பக்கம் ஏறியிருந்தது. இந்தத் தடவை ஷூ பிரச்சினை இல்லை; அந்த அணியிலிருந்தே ஒரு ஜோடி கொடுத்தார்கள். பெரிய சைஸ். முன்னால் பேப்பரைத் திணித்து மாட்டிக்கொண்டான்.

முதல் சில பந்துகள் எங்கெங்கோ போயின. பெர்னார்டு வலைக்குப் பின்னால் நின்று, "லே, முன்னால குத்துலே! இது மேட்டு இல்லல்லா!" என்று கத்தினார். நாகராஜ் தலையாட்டினான். அடுத்தது கொஞ்சம் முன்னால் விழுந்தது. அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். அப்புறம் ஒரு பந்து, பாருங்கள்... வெளியே போவதுபோல் போய், குத்தி, உள்ளே திரும்பி நடு ஸ்டம்பைப் பெயர்த்துவிட்டது. ஆடிய பையன் பிட்ச்சையே முறைத்துப் பார்த்தான். அடுத்து வந்தவனுக்கும் அதே கதி.

நாகராஜ் நிறுத்தவே இல்லை. வியர்த்து வழிந்தது, மூச்சு இரைத்தது, போட்டுக்கொண்டே இருந்தான். நான் பெர்னார்டைப் பார்த்தேன். அவர் வலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

முடிந்ததும் அந்த அணியின் கோச் வந்தார். நரைத்த தாடி, நல்ல மனிதர். நாகராஜின் தோளில் கை போட்டு, இங்கிலீஷில் நிதானமாகக் கேட்டார் — இத்தனை வருஷம் நீ எங்கே இருந்தாய்?

நாகராஜ் பெர்னார்டைப் பார்த்தான். பெர்னார்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஒண்ணுமில்லலே. நல்லாப் போடுதியாம்."

நாகராஜ் சிரித்தான். "அந்த அளவுக்கு இங்கிலீசு எனக்கும் தெரியும்ணா." குனிந்து ஷூவின் லேஸை அவிழ்த்தபடி சொன்னான். "இங்கயேதான் இருந்தேன்னு சொல்லுணா."

நான்தான் மொழிபெயர்த்தேன். கோச் அதை நல்ல ஜோக் என்று நினைத்துக்கொண்டு சிரித்து, அவன் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் மேட்சுக்கு எங்களுக்கு பாஸ் கொடுத்தார்கள். நாகராஜ் வரவில்லை, பந்த் முடிந்துவிட்டது, லோடு ஏற்ற வேண்டும். கேலரியை நிரப்ப ஸ்கூல் பிள்ளைகளை பஸ்ஸில் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். பெர்னார்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் ஆட்டத்தைப் பார்த்த மாதிரி தெரியவில்லை. யாராவது அவுட்டானால் எல்லோரும் கை தட்டிய பிறகு தட்டினார்.

அதற்கப்புறம் அந்த கிரவுண்டுக்கு வெளிநாட்டு அணி எதுவும் வந்து நான் பார்க்கவில்லை. பெங்களூரு சாஃப்ட்வேர் கம்பெனிகள் அவ்வப்போது வாடகைக்கு எடுக்கின்றன. ஏ.சி. பஸ்ஸில் வருகிறார்கள், ஆடுகிறார்கள், போகிறார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டு.

பெர்னார்டு போய்க் கேட்டார். மாதத்தில் ஒரு ஞாயிறாவது தொழிலாளர் டீம்களுக்கு விடக்கூடாதா? சங்கத்து ஆள் காபி வாங்கிக்கொடுத்து, மரியாதையாகத்தான் சொன்னாராம். "தப்பா நினைக்காதீங்க. எல்லாரையும் விட்டா பிட்ச் தாங்காது. ஸ்டாண்டர்டு போயிடும்." பெர்னார்டு காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டார். சண்டை போட அவருக்குக் காரணமே கிடைக்கவில்லை.

மைத்துனரை மதுரை பஸ் ஏற்றிவிட்ட சாயங்காலம், பெர்னார்டுக்கு போன் செய்தேன். ஸ்டெல்லாதான் எடுத்தார். "டிவில மேட்ச் ஓடுது, இந்தா குடுக்கேன்" என்றார். பெர்னார்டிடம் காலையில் பார்த்ததைச் சொன்னேன். புல் எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"நானும் யோசிச்சுப் பாக்கேன் சார்... யார் மேல கோவப்படுறதுன்னு தெரியல. டர்ஃப் கேட்டோம், குடுத்தாவ. கேட்டதுக்கு மேலயே குடுத்தாவ. எங்களுக்குன்னு கேக்கணும்னு தோணலியே சார்!"

ரோடு கேட்டு, பாலம் கேட்டு, ஏர்போர்ட் கேட்டு அலைகிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை — யாருக்கு என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.