டீச்சர் வாயில் பட்ட மீன்

மட்டாஞ்சேரியில் மீன்காரி எதிரே வந்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு தெரு மாறுகிறவர் லோகாம்பாள் டீச்சர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில் அவருக்கு வேலை கொடுத்ததோ சர்ச்சுக்காரர்களின் ஆரம்பப் பள்ளி. அவருடைய இரண்டாம் வகுப்பில் ஐயர் வீட்டுப் பிள்ளைகளும் ராவுத்தர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, காலையில் ஒன்றாகவே யேசுவைக் கும்பிட்டார்கள்.

ஜெபம் முடிந்ததும் சிஸ்டர் "ஆமென்" என்பார். ராவுத்தர் வீட்டுப் பரீதும் சுலைஹாவும் பழக்கத்தில் "ஆமீன்" என்பார்கள். அதற்குள் ஒரு மீன் இருப்பதைக் கண்டுபிடித்த மற்ற வாண்டுகளுக்கும் அதுவே பிடித்துப்போயிற்று.

ஒருநாள் பள்ளியைப் பார்வையிட ஃபாதர் வந்தார். ஜெபம் முடிந்ததும் வகுப்பு மொத்தமும் "ஆ... மீன்!" என்று கத்தியது.

"இது எந்தா டீச்சரே, ஜெபமா, மீன் சந்தையா?" என்றார் ஃபாதர்.

"யேசு அத்தனை ஜனத்துக்கும் மீன் பங்கு வெச்சார்னு நீங்கதானே சொன்னேள்? குழந்தைகள் அதுகள் பங்கைக் கேக்கறதுகள்."

ஃபாதர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்போ டீச்சரும் சேர்ந்து கேளுங்கோ!"

டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு உரக்கவே சொன்னார்.

ரிட்டையரான பிறகும் கேட்கிறவர்களிடமெல்லாம் அவர் சத்தியம் செய்வார்: "இந்த ஜென்மத்தில என் வாயில மீன் பட்டது அந்த ஒரு தடவைதான்."