மச்சான் நேராகத் தோற்க வேண்டும்: ராஸ் அல் கைமாவில் ஒரு மல்யுத்த மாலை

என் மச்சான் முருகேசன் தோற்பதைப் பார்ப்பதற்காகவே கடந்த ஜனவரியில் அல் கோபாரிலிருந்து ராஸ் அல் கைமா போனேன். மச்சான் என்றால் என் அக்கா வளர்மதியின் வீட்டுக்காரர். பதினோரு வருடமாக அங்கே ஒரு சிமெண்ட் தொழிற்சாலையில் மூட்டை கட்டும் பிரிவில் வேலை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் 'சிமெண்ட் புலி' என்ற பெயரில் மல்யுத்தம். டிவியில் பார்த்திருப்பீர்கள், அடியும் உதையும் பேசிவைத்து நடக்கும் அந்த வகை. நம் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து நடத்தும் சின்ன அமைப்பு இது.

இதுதான் கடைசி ஆட்டம், அடுத்த வாரம் வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடுகிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருந்தார். புதுக்கோட்டையில் அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். எனக்கு இன்னொரு அரிப்பும் இருந்தது. ஜெயிப்பவர் யார் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கிறார்கள் என்றால், அதை எழுதுவது யார், எதை வைத்து எழுதுகிறார் என்று பார்த்துவிட வேண்டும்.

போகிறவர்களுக்காக வழியைச் சொல்லிவிடுகிறேன். அல் கோபாரில் ரூமிலிருந்து காலை 4.15க்குக் கிளம்பினேன். தம்மாம் விமான நிலையம் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். டாக்ஸிக்காரர் 110 ரியால் கேட்டு 90க்கு இறங்கினார். 7.10 விமானம். துபாயில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்தால் மணி 9.35. மெட்ரோவில் யூனியன் நிலையம், அங்கிருந்து 11 மணி பஸ்ஸில் 27 திர்ஹாம். சுமார் 110 கிலோமீட்டர் தூரத்தை பஸ் சாவகாசமாக இரண்டு மணி நேரத்தில் கடக்கிறது. இடப்பக்கம் உட்காராதீர்கள், வெயில் என்று யாரோ சொன்னதை நம்பி வலப்பக்கம் உட்கார்ந்தேன். வெயில் அங்கேதான் அடித்தது.

மச்சான் நண்பரின் காரோடு வந்து நின்றார். பஸ் நிலையத்திலிருந்து பதினெட்டு கிலோமீட்டரில், கல் உடைக்கும் மலையடிவாரத்தில் ஒரு பழைய கிடங்கு. மற்ற நாளில் பேட்மிண்டன் ஆடுகிற இடம். நடுவில் மேடை கட்டி, நான்கு பக்கமும் கயிறு இழுத்திருந்தார்கள். ஒருவர் கயிற்றைத் தொங்கித் தொங்கி சோதித்துக்கொண்டிருந்தார். அவர்தான் அன்றைக்கு மச்சானோடு மோதப்போகிற பெஷாவர்க்காரர் ஜாவேத். கிரேன் ஓட்டுகிறவர். மச்சானைப் பார்த்ததும் கட்டிப்பிடித்து, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

முடிவை எழுதுகிறவர் சிவநேசன். யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு டைல்ஸ் கம்பெனியில் டியூட்டி அட்டவணை போடுகிற வேலை. மல்யுத்தத்துக்கும் அதையேதான் செய்கிறார் என்பது அவருடைய வெள்ளைப் பலகையைப் பார்த்ததும் புரிந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஷிப்ட், விடுமுறை நாள், லீவு தேதி, விசா முடியும் தேதி. அதற்குப் பிறகுதான் யார் ஜெயிப்பது என்கிற கட்டம். பலசாலி யார் என்று ஒரு கட்டம்கூட இல்லை. ஒரு பஞ்சாபிப் பையன் பிரமாதமாக ஆடுவானாம். அடுத்த மாதம் முழுக்க நைட் டியூட்டி என்பதால் அவனுக்கு சாம்பியன் பெல்ட் கிடையாது. பெல்ட்டை வாங்கியவன் ஆளையே காணோம் என்றால் கூட்டம் யாரைப் பார்க்க வரும் என்று கேட்டார்.

முதலில் முடிவை எழுதிவிட்டு, அதிலிருந்து பின்னோக்கித்தான் ஆட்டத்தை யோசிப்பாராம். எத்தனை நிமிடம், எந்த இடத்தில் நல்லவன் அடி வாங்குவான், எங்கே எழுவான் எல்லாம் அப்புறம்தான். வரிசைக்கும் கணக்கு இருக்கிறது. சிமெண்ட் தொழிலாளர்கள் தங்கும் கேம்பிலிருந்து இரண்டு பஸ் நிறைய ஆட்கள் வருகிறார்கள். மச்சான் ஆட்டத்தை முதலில் வைத்தால் அது முடிந்ததும் அத்தனை பேரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள், அதனால் கடைசியில்தான் வைப்பார். மச்சான் பெயருக்கு எதிரே 'ஒரேயடியாகப் போகிறார். 9 நிமிடம். நேர்த் தோல்வி' என்று எழுதியிருந்தது. நேர்த் தோல்வி என்றால் என்ன என்று கேட்டேன்.

"லீவில போறவன் ஏமாத்தப்பட்டுத் தோக்கோணும், தம்பி. அப்பதான் அவன் திரும்பி வந்து பழிவாங்கிறதப் பாக்கச் சனம் காத்திருக்கும். ஒரேயடியாப் போறவன் நேராத் தோத்து, கை குடுத்துட்டுப் போகோணும். இஞ்ச நிக்கிறவனுக்கு அவன் விட்டுட்டுப் போறது அந்த வெற்றிதான்."

எனக்கு இந்த விதி ரொம்பப் பிடித்துப்போனது. பதினோரு வருடம் குடும்பத்தைப் பிரிந்திருந்த மனிதர் கடைசியில் யாருக்கோ ஒரு வெற்றியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். அக்காவிடம் சொல்ல நல்ல கதை என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு ஆரம்பம். டிக்கெட் 20 திர்ஹாம். நான்கு ஆட்டம் முடிந்து மச்சான் வந்தபோது இரண்டு பஸ் கூட்டமும் நாற்காலி மேல் ஏறிவிட்டது. தமிழ், இந்தி, பெங்காலி, எல்லாம் கலந்த ஒரே இரைச்சல். வீட்டில் சோற்றுக்கு உப்பு இல்லை என்றால்கூடச் சொல்லாத மனிதர், இங்கே மார்பில் அறைந்துகொண்டு கூட்டத்தை வம்புக்கு இழுத்தார். எட்டாவது நிமிடம் நடுவர் ஜாவேதின் காதில் ஏதோ சொன்னார். முடிக்கச் சொல்லும் ஜாடை அது என்று சிவநேசன் ஏற்கெனவே சொல்லித்தந்திருந்தார். ஜாவேத் மச்சானைக் கீழே தள்ளி, தோளைத் தரையில் அழுத்தி, மேலே படுத்தார். நடுவர் எண்ண ஆரம்பித்தார். அப்போதுதான் ஜாவேத் இரண்டு காலையும் தூக்கி, நடுவருக்குத் தெரியாமல், பின்னால் இருந்த கயிற்றில் முட்டுக்கொடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று.

அது ஏமாற்று. கூட்டம் கொதித்தது. அரங்கத்தில் அத்தனை பேரும் ஜாவேதைத் திட்டிக்கொண்டிருக்க, நான் ஒருவன் மட்டும் விழுந்துகிடந்த மச்சானைத் திட்டினேன். கைகுலுக்கல் இல்லை. அப்படியென்றால் அவர் திரும்பி வரப்போகிறார்.

வெளியே காருக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன். கோபத்தில் மரியாதை கொஞ்சம் சறுக்கியது உண்மை. முதலில் மழுப்பினார். பிறகு ஒப்புக்கொண்டார்: வேலையை விடுவதாகக் கடிதமே கொடுக்கவில்லை, லீவுக்கு மட்டும்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஷூ கட்டும்போது சிவநேசனிடம் போய் முடிவை மாற்றச் சொன்னாராம்.

"கை குடுக்க மனசு வரல மாப்ள. அங்க நான் யாரு? வளர்மதி வீட்டுக்காரன். இங்க ரெண்டு பஸ்ஸு எம்பேரச் சொல்லிக் கத்துதுல்ல."

அவர் சொன்னது பொய்யில்லை என்பதுதான் எரிச்சலாக இருந்தது. அந்த நேரம் பார்த்து அக்காவின் போன். ஜெயித்தாரா என்று கேட்கவில்லை, அடி பட்டதா என்றும் கேட்கவில்லை.

"நேராத் தோத்தாராடா?"

வருடக்கணக்கில் போனில் கதை கேட்டவள், விதி எனக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் இழுத்த இழுப்பிலேயே புரிந்துகொண்டாள். அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை, அந்த எழுதுகிறவரிடம் போனைக் கொடு என்றாள். உள்ளே போய்க் கொடுத்தேன். சிவநேசன் நாலைந்து தடவை "ஓம் தங்கச்சி" என்று ஆமாம் போட்டார், இடையில் பலகையைப் பார்த்து ஏதோ கணக்குப் போட்டார், பிறகு போனைத் திருப்பித் தந்தார். ஏப்ரல் முதல் சனி, முருகேசனுக்கு நேர்த் தோல்வி, உங்கட அக்கா சொல்லிப்போட்டா என்றார். அதற்குள் பழிவாங்கும் ஆட்டம் ஒன்றுகூடக் கிடையாதாம், கேட்டுப் பார்த்தாராம், முடியாது என்றுவிட்டாளாம்.

என் பின்னால் மச்சான் நின்றுகொண்டிருந்தார். பலகையில் தன் பெயரைத் தேடிப் பார்த்தார்.

"யார்கிட்ட?" என்று மட்டும் கேட்டார்.

ஜாவேதிடமே என்று முடிவானது.

மறுநாள் அதே பஸ், அதே வழி. போக வர விமானமும் விசாவும் நீங்கலாக எனக்கு 300 திர்ஹாமுக்குள் முடிந்தது. நீங்கள் போவதாக இருந்தால் விசாவை ஒரு வாரம் முன்பே எடுத்துவிடுங்கள். இரண்டாவது வரிசையில் உட்காருங்கள், முதல் வரிசையில் ஆள் வந்து விழும். முடிவு எழுதிவைத்தது என்று தெரிந்ததும் சுவாரசியம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். தெரிந்த பிறகுதான் நாற்காலி நுனிக்கு வந்தேன். ஏப்ரல் முதல் சனி போகிறவர்கள் என் மச்சான் பெயரைச் சொல்லிக் கொஞ்சம் சத்தமாகக் கத்துங்கள். அக்காவுக்கும் விசிட் விசா போட்டாயிற்று. தோல்வி சுத்தமாக இருக்கிறதா என்று நேரில் பார்க்காமல் நம்பமாட்டாளாம்.